கண் எடுத்த பக்கம்

முட்டைக்கு ஜன்னல் வைக்கிற வேலை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் அக்கா சொல்வதையே விட்டுவிட்டாள். பதினெட்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஆய்வுக்கூடத்தில் பேராசிரியரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் அக்கா. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள்பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள்.

வேலை இதுதான். அடைகாக்கும் பெட்டியில் மூன்று நாள் இருந்த கோழிமுட்டையை எடுத்துப் படுக்க வைக்க வேண்டும். ஊசியால் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சினால், உள்ளே இருக்கும் கரு ஓட்டை விட்டுச் சற்றுக் கீழே இறங்கும். அப்புறம் ஓட்டின் மேல் செலோடேப்பை ஒட்டி, வளைந்த கத்தரிக்கோலால் கட்டைவிரல் நகம் அளவுக்கு வட்டமாக வெட்டி எடுத்தால் ஜன்னல் ஆயிற்று. எட்டிப் பார்த்தால் மஞ்சளின் மேல் ஒரு புழு சுருண்டு படுத்திருக்கும். அதன் நெஞ்சில் ஒரு சிவப்புப் புள்ளி அடித்துக்கொண்டிருக்கும். சொல்லி வைத்த மாதிரி எல்லாக் கருவும் இடது பக்கம் கீழே, வலது பக்கம் மேலே என்று ஒருக்களித்துத்தான் படுக்கும். அதனால் ஜன்னல் வழியாக அக்காவின் கைக்குக் கிடைப்பது எப்போதும் வலது காதுதான். இடது காது அடியில் மஞ்சளோடு அமுங்கிக் கிடக்கும்.

காது என்று சொல்வதே பெரிய வார்த்தை. அந்த வயதில் அது ஒரு குழி. குழி மூடிக்கொண்டு பையாகும். பை அங்கங்கே பிதுங்கி, ஒரு பகுதி கேட்பதற்கு, இன்னொரு பகுதி விழாமல் நிற்பதற்கு என்று பாகம் பிரித்துக்கொள்ளும். நிற்பதற்கான பகுதியில் மூன்று வளையக் குழாய்கள் வர வேண்டும். தலை திரும்பும்போது அந்தக் குழாய்களுக்குள் இருக்கும் நீர் அசைந்து மூளைக்குத் தகவல் சொல்லும்.

"அந்தக் குழிக்குத் தானா ஒண்ணும் தெரியாது" என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பேராசிரியர் சொல்வார். "பக்கத்துல மூளை இருக்கு. கீழ முதுகெலும்பு வரப்போற இடம் இருக்கு. அதுங்க அனுப்புற புரதம்தான் சேதி. நீ மேல் பாகம், நீ கீழ் பாகம், நீ குழாய் ஆகுன்னு அதுங்கதான் சொல்லணும். சேதி அந்த நேரத்துக்கு வரணும். நேரம் தப்பிடுச்சுன்னா அப்புறம் மைக் வச்சுக் கத்தினாலும் கேக்க அங்க ஆள் இருக்காது."

இந்தப் பேச்சை அக்கா நூறு தடவை கேட்டிருப்பாள். நூறு தடவையும் அவளுக்குத் தம்பியின் ஞாபகம்தான் வந்தது.

தம்பிக்குத் தெருவில் கப்பல் என்று பெயர். கால்களை அகட்டி வைத்து, இப்படி ஒரு ஆட்டம் அப்படி ஒரு ஆட்டம் என்று அவன் வருவதைப் பார்த்து யாரோ வைத்த பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. போலீஸ்காரர்கள் இரண்டு முறை நிறுத்தி வாயை ஊதச் சொல்லியிருக்கிறார்கள். அவன் ஜென்மத்தில் ஒரு சொட்டு குடித்ததில்லை. "குடிச்சிருந்தாலாவது காலைல தெளிஞ்சிருக்கும்" என்பான். வெளிச்சத்தில் கண்ணை நம்பி, காலை நம்பி எப்படியோ ஓட்டிவிடுவான். விளக்கு அணைந்தால் அவ்வளவுதான், நின்ற இடத்திலேயே மரம் மாதிரி சாய்வான். நாற்காலியில் உட்கார்ந்தே செய்கிற வேலையாகத் தேடி, செல்போன் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டான். தலையை ஸ்கேன் எடுத்த டாக்டர், மூன்று குழாய்கள் இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். இரண்டு காதிலும் வெறும் உருண்டைதான் இருந்தது.

அப்பாவுக்கும் அதேதான் இருந்திருக்க வேண்டும். அவரை யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை. குடிகாரன் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் குளிக்க இறங்கியவர் வழுக்கி உள்ளே போனார். தண்ணீருக்குள் கண்ணை மூடினால் எது மேலே எது கீழே என்று அந்தக் காதுகள் சொல்லாது. அவருக்கு நன்றாக நீந்தத் தெரியும். கரையில் நின்றவர் சொன்னார், மனுஷன் விடாமல் கையைக் காலை அடித்து நீந்திக்கொண்டுதான் இருந்தாராம், அடித்தரையைப் பார்த்து. அப்போது அக்காவுக்குப் பதினைந்து வயது, தம்பிக்கு ஆறு.

அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றார்கள். அக்கா தப்பித்தாள், தம்பி மாட்டிக்கொண்டான். எந்த மரபணுவில் கோளாறு என்று பார்க்க மூன்று முறை ரத்தம் கொடுத்தும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. தான் தப்பித்ததை அக்கா ஒரு நாளும் தன்னுடைய அதிர்ஷ்டமாக நினைத்ததில்லை. தம்பியின் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்ட மாதிரிதான் அவளுக்கு இருந்தது.

அந்தக் கப்பலையும் ஒருத்தி கட்டிக்கொண்டாள். மருந்துக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிது. "நடக்கத் தெரியாட்டி என்ன, நான்தான் ஓட்டுறேன்ல, ஏறி உக்காரு" என்று சொல்லித்தான் கல்யாணத்துக்கே சம்மதம் வாங்கினாள். ஒன்பது வருடம் ஆயிற்று. மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பிள்ளை மட்டும் வேண்டாம் என்று கப்பல் பிடிவாதமாக இருந்தான்.

"பாதிக்குப் பாதின்னா பாதி நல்லாப் பொறக்கும்னுதானே அர்த்தம்?" என்று வேன்காரி ஆரம்பிப்பாள்.

"எங்கப்பாவும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பாரு" என்பான். பேச்சு அதோடு நின்றுவிடும். அவள் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் அன்றைக்குக் கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

இப்படி இருந்த வீட்டில்தான் அக்கா போய் வாயை விட்டாள்.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடமாக ஒரே சோதனை நடந்துகொண்டிருந்தது. குழாய் வளரச் சொல்லும் சேதியை ஒரு மருந்தால் அடைத்துவிடுவார்கள். குஞ்சுக்குக் குழாய் வராது. பிறகு, அந்தச் சேதிப் புரதத்திலேயே ஊறவைத்த ஒரு மணியை வலது காதின் பக்கத்தில் வைப்பார்கள். கடுகில் கால்வாசிகூட இருக்காது அந்த மணி. மூச்சை அடக்கிக்கொண்டு அதை நகர்த்தி வைக்க அக்காவை விட்டால் அங்கே ஆள் கிடையாது. மருந்து அடைத்ததை மணி திறந்துவிடுமா, குழாய் திரும்ப வருமா என்பதுதான் கேள்வி.

பத்தாம் நாள் கருவின் தலையை வெட்டி, மெழுகில் புதைத்து, முடியைவிட மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். சீவிய தலையில் எது இடது எது வலது என்று பிரம்மனே வந்தாலும் சொல்ல முடியாது. அதற்காக, மெழுகில் போடும் முன்பே ஒரு பக்கத்துக் கண்ணை மட்டும் எடுத்துவிடுவது வழக்கம். கண்ணை எடுப்பது அக்காவின் வேலை. சீவலை நுண்ணோக்கியில் பார்த்துப் பக்கத்தைக் குறித்துக்கொள்வது பேராசிரியரின் வேலை.

எட்டு மாதத்துக்கு முன்பு முதல் படம் வந்தது. கண் எடுத்த பக்கத்தில் மூன்று குழாய்கள், அச்சில் வார்த்த மாதிரி. மறுபக்கம் வெறும் உருண்டை. அடுத்த தலையிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே. பேராசிரியர் சின்னப் பையன் மாதிரி தாளம் போட்டுக்கொண்டு நடையில் ஓடினார். எல்லோருக்கும் டீ வந்தது. அக்கா டீயைக் குடிக்காமல் கை கழுவும் அறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். மறுபக்கத்து வெறும் உருண்டையை அவள் இதற்கு முன்பே பார்த்திருக்கிறாள், தம்பியின் ஸ்கேனில்.

அன்று சாயங்காலம் அந்தப் படத்தில் ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். "இது முதல் படி, அக்கா" என்றுதான் பேராசிரியர் சொல்லியிருந்தார். அந்த ‘முதல் படி’ என்ற பேச்சை வழியிலேயே தொலைத்துவிட்டு அவள் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"இனிமே நம்ம வீட்டுக்கு இது வராதுடா" என்றாள். "வயித்துல இருக்கும்போதே சரி பண்ணிடலாம். பாரு, பண்ணியாச்சு."

கப்பல் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். "என் காதுக்கு?" என்று கேட்கவே இல்லை. வேன்காரிதான் கேட்டாள், "நிஜமாவாக்கா?" என்று. நிஜம்தான் என்று அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் பாதிக் கணக்குப் பேசவில்லை. இப்போது வேன்காரிக்கு எட்டாவது வாரம்.

சோதனையைக் கட்டுரையாக எழுதி அனுப்பிய ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் குழாய் வந்தால் போதுமா, அது வேலை செய்கிறதா, குஞ்சு பொரித்து எழுந்து நிற்கிறதா என்று கேட்டிருந்தார்கள். மருந்து விட்டு மணி வைத்த அறுபது முட்டைகளைப் பொரிக்க விடச் சொன்னார் பேராசிரியர். ஜன்னல் வைத்த முட்டை பொரிப்பது லேசில்லை. அக்கா ஒவ்வொன்றையும் டேப் போட்டு மூடி, மெழுகு தடவி, இருபத்தோராம் நாள் வரை பெற்ற தாய் மாதிரி காவல் காத்தாள். அறுபதில் ஒன்பதுதான் வெளியே வந்தன.

காலை பத்து மணிக்கு ஒன்பதும் துண்டு விரித்த பெட்டிக்குள் ஈரம் காய்ந்து மஞ்சள் பஞ்சாக இருந்தன. அவளுக்கு ஒரே பூரிப்பு. பதினெட்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகளைத் திறந்திருக்கிறாள், ஒரு குஞ்சு எழுந்து நின்று பார்த்ததில்லை. பத்தாம் நாளைத் தாண்ட அங்கே எதையும் விட்டதில்லை. முதல் குஞ்சு எழுந்தது, இரண்டு அடி வைத்தது, கவிழ்ந்தது. விழத்தான் செய்யும்; ஒரு காதுக்குத்தானே மணி வைத்தோம் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரண்டாவது எழுந்தது, கழுத்தைக் கோணலாகச் சாய்த்துக்கொண்டு வட்டம் போட்டது, கவிழ்ந்தது.

ஐந்தாவது குஞ்சு விழுந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. எந்தக் காது செத்துப்போனதோ அந்தப் பக்கம்தான் தலை சாயும், அந்தப் பக்கம்தான் விழும். இது அந்தக் கூடத்தில் அரிச்சுவடி. மணி வைத்தது வலது காதில். பிழைத்தது வலது. செத்தது இடது. குஞ்சுகள் இடது பக்கம் விழ வேண்டும்.

எதிரே உட்கார்ந்து பார்ப்பதால் மாறித் தெரிகிறதோ என்று பெட்டியைச் சுற்றிவந்து குஞ்சுகளுக்குப் பின்னால் மண்டி போட்டாள். தன் வலது கையை நீட்டிப் பார்த்துக்கொண்டாள். ஒன்று விடாமல் ஒன்பதும் அந்தக் கைப்பக்கம்தான் விழுந்தன. எழுந்தன, அதே பக்கம் விழுந்தன.

பேராசிரியர் உற்சாகமாக வந்தார். "பொரிச்சிருச்சா! சாயுதா? ரொம்ப நல்லது, ஒரு பக்கம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"வலது பக்கம் சாயுது சார்."

"இடதுன்னு சொல்லுங்க."

"வலது சார். ஒன்பதும்."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவரும் பெட்டியைச் சுற்றிவந்து மண்டி போட்டார். அவரும் தன் வலது கையை நீட்டினார்.

அக்காதான் கேட்டாள். "சார், சீவல்ல கண்ணு இல்லாத பக்கத்தை நீங்க எந்தப் பக்கம்னு எடுத்துக்கிட்டீங்க?"

"மணி வச்ச பக்கம். அடையாளம் வேற எதுக்கு? வேலை செஞ்ச பக்கத்துக்குத்தானே வைப்பாங்க?"

"நான் தொடாத பக்கத்துக் கண்ணைத்தான் சார் எடுப்பேன்."

அக்காவே தொடர்ந்தாள். "இங்க வர்றதுக்கு முன்னாடி இருந்த கூடத்துல அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க. மணி வச்ச பக்கம் கத்தியே போகக் கூடாது, இழுபட்டுடும், அந்தாண்டைக் கண்ணை எடுன்னு. நான் எப்பவும் இடதுதான் எடுப்பேன்."

"நான் படிச்ச இடத்துல…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. முடிக்க என்ன இருக்கிறது? இரண்டு வருடம் எதிரும் புதிருமாக ஒரே மேசையில் உட்கார்ந்து, தினம் நல்லாயிருக்கீங்களா, சாப்பிட்டீங்களா என்று ஆயிரம் கேட்ட இரண்டு பேர், எந்தக் கண் என்று ஒரு நாள் கேட்டுக்கொள்ளவில்லை. அது கேட்கிற விஷயம் என்றே இருவருக்கும் தோன்றவில்லை. இதை எழுதி வைக்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரியும் எந்த நோட்டிலும் இல்லை.

மூன்று குஞ்சுகளை அன்றைக்கே அறுத்துப் பார்த்தார்கள். வலது காதில் மணி வைத்த இடத்துக்குப் பின்னால் வெறும் உருண்டை. அக்கா தொட்டே பார்க்காத இடது காதில் மூன்று குழாய்கள், அழகாக. அதன் காரணமும் சாயங்காலத்துக்குள் விளங்கிவிட்டது. முதல் வருடம் மருந்தை ஊசியால் கருவுக்கு அடியில் செலுத்தினார்கள். இரண்டு காதும் போயிற்று. மணி வைக்க ஆரம்பித்த பிறகு, ஜன்னல்தான் திறந்திருக்கிறதே என்று மேலிருந்தே சொட்டு விட்டார்கள். மேலே இருந்த வலது காது மருந்தில் நனைந்தது. அடியில் படுத்திருந்த இடது காதுக்கு அது போய்ச் சேரவே இல்லை. மருந்து படாத காது தன்பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது. மணி ஒன்றும் செய்யவில்லை. ஒரு தலையில், ஒரு தடவைகூட ஒன்றும் செய்யவில்லை.

பேராசிரியர் கத்தியிருந்தால் அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதப் போவதாகச் சொன்னார். ஒரே நாளில் பத்து வயது கூடிவிட்ட மாதிரி இருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும்" என்றாள் அக்கா. "ஒருவேளை இது சரியாவே இருந்திருந்தா, மனுஷங்களுக்கு எப்ப வந்திருக்கும்?"

அவர் அவளைப் புரியாமல் பார்த்தார். "மனுஷங்களுக்கா? எங்க வரும், அக்கா? தாய் வயித்துக்குள்ள, மிளகு அளவு காதுக்குப் பக்கத்துல எப்படி மணி வைக்கிறது? நம்ம காலத்துல நடக்காது."

"இதை அன்னைக்கே ஏன் சார் சொல்லல?"

"நீங்க கேக்கலையே" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்கு அது தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தார்.

தெரிந்துதான் இருந்தது. பதினெட்டு வருடம் காதோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது தெரியாதா? தெரிந்ததைத் தெரியாத மாதிரி மூடி வைத்துக்கொண்டு, ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். கண்ணை மாற்றி எடுத்ததாவது இரண்டு பேர் செய்த தப்பு. இது அவள் ஒருத்தி செய்தது. பஸ்ஸில் வரும்போது, வண்டி எங்காவது மோதி நின்றால் நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. பஸ் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

வேன் வாசலில் நின்றிருந்தது. வேன்காரி சோபாவில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இரண்டு நாளாக வாந்தி, காலைச் சுற்று மட்டும் போய்விட்டு வந்துவிடுகிறாள். கப்பல் ஜன்னலோரம் ஒரு செல்போனைக் குடலை உருவிப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னக்கா, குஞ்சு பொரிச்சிதா?" என்றான். "நடக்குதுங்களா? என்னைவிட நல்லா நடந்தா சொல்லு, அதுங்ககிட்ட டியூஷன் போறேன்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்கா சொன்னாள். சுற்றி வளைக்க அவளுக்குத் தெம்பு இல்லை. கண்ணைச் சொன்னாள், வலது இடதைச் சொன்னாள், மணி வேலை செய்யவே இல்லை என்பதைச் சொன்னாள். கப்பலின் கையிலிருந்த திருகாணி கீழே விழுந்து எங்கோ உருண்டது. அவன் தேடவில்லை.

"அப்ப அந்த வைத்தியம்?" என்றாள் வேன்காரி, எழுந்து உட்கார்ந்து.

"அப்படி ஒண்ணு இல்லம்மா. எப்பவுமே இருந்ததில்ல. சரியா இருந்திருந்தாலும் உனக்குத் தர முடிஞ்சிருக்காது. எனக்கு அது தெரியும். ஆசையில சொல்லிட்டேன்."

சத்தம் போடுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். வேன் ஓட்டுகிறவளின் வாய் அது. ரோட்டில் குறுக்கே வந்தவனின் பரம்பரையையே இழுத்துவிடும். அந்த வாய் இப்போது கணக்குக் கேட்டது.

"காது எத்தனாவது வாரத்துல வரும்?"

"பை ஏற்கெனவே வந்திருக்கும்." அக்காவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "குழாய் இப்பத்தான். இந்த வாரம் ஆரம்பிக்கும். இன்னும் ரெண்டு மூணு வாரத்துல முடிஞ்சிடும்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

"நான் ஏதாவது சாப்பிடணுமா? வேலைக்குப் போகாம இருக்கவா? வேன் குலுங்குறதால ஏதாவது ஆகுமா?" கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. "எந்தப் பக்கமா படுக்கட்டும்? கீழ இருந்த காதுதானே தப்பிச்சிதுன்னு சொன்னீங்க?"

"அது மருந்து மேலேருந்து விட்டதால. உனக்கு அப்படி இல்லம்மா." என்றாள் அக்கா. "எந்தப் பக்கம் படுத்தாலும் ஒண்ணுதான். உள்ள சேதி வந்தா வரும். வராட்டி, வெளியேருந்து யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

"எப்பத் தெரியும்?"

"ஸ்கேன்ல தெரியாது. பொறந்து, தலை நிக்கணும், உக்காரணும், எழுந்து நிக்கணும். ஒரு வயசுக்கு மேல ஆகும்."

"அக்காவ ஒண்ணும் சொல்லாத" என்றான் கப்பல் மனைவியிடம்.

"நான் என்ன சொன்னேன்?" என்றாள் அவள். "அவங்க சொல்லலேன்னா நாம இதை ஆரம்பிச்சிருக்க மாட்டோம். தப்புன்னு சொல்லல. நடந்ததைச் சொல்றேன்."

அக்காவுக்கு அழுகைகூட வரவில்லை. அழுதால் அவர்கள் அவளைத் தேற்ற வேண்டியிருக்கும். அதற்கு அவளுக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. வேண்டாமென்றால் கலைக்க இன்னும் வாரங்கள் இருக்கின்றன என்று சொல்ல நினைத்தாள். அவள் சொல்லித்தான் இது வந்தது; போகச் சொல்வதையும் அவளேவா சொல்வது? வாயை மூடிக்கொண்டாள். வேன்காரிக்கும் அது தெரியாமல் இல்லை. ஒன்பது வருடம் காத்திருந்து வந்தது என்பதும் அவளுக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

வேன்காரிக்கு மறுபடி குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தண்ணி கொண்டாரேன்" என்று கப்பல் எழுந்தான்.

சமையலறைக்கு எட்டு அடி. கால்களை அகட்டி வைத்து, நாற்காலி முதுகை ஒரு கையால் தொட்டு, இப்படி ஒரு ஆட்டம், அப்படி ஒரு ஆட்டம். வேன்காரி அந்த நடையை ஒன்பது வருடமாகப் பார்க்கிறாள். கேலி செய்திருக்கிறாள், அதே மாதிரி நடந்துகாட்டிச் சிரிக்க வைத்திருக்கிறாள், ரோட்டில் எவனாவது சிரித்தால் வேனை நிறுத்தி இறங்கிச் சண்டை போட்டிருக்கிறாள். இன்றைக்கு அவள் அவன் கால்களையே பார்த்தாள். முகத்தில் ஒரு பயம் வந்தது. இப்படி ஒரு முகத்தை அக்கா அவளிடம் பார்த்ததே இல்லை. வரக் கூடாத ஒன்று எப்படி இருக்கும் என்று அந்தக் கால்களில் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி வழியில் அவன் ஏதோ கேட்கத் திரும்பினான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டான். அவள் சட்டென்று பார்வையை மாற்றிக்கொண்டாள். ஆனால் அதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

அதற்கப்புறம் அவன் நடக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். கால்களை மடக்கி லுங்கிக்குள் இழுத்துக்கொண்டான்.

"நீ எடுத்துக் குடுத்துரு, அக்கா" என்றான்.